வாடகை வீட்டுச் சமையலறைக்குக் கொஞ்சம் நிறம் வேண்டும்: ஆணி கூடாது, பெயிண்ட் கூடாது (குன்னூர்)

தேயிலைத்தூள் | செப்டம்பர் 28, இரவு 9.12

வணக்கம். கோவையிலிருந்து குன்னூருக்குக் குடிவந்து மூன்று வாரம் ஆகிறது. பெட்போர்டு பக்கம், பழைய தகரக் கூரை வீடு. மற்ற அறைகள் பரவாயில்லை, சமையலறைக்குள் போனால்தான் மனசு சுருங்குகிறது. எட்டுக்கு ஏழு அடி. சுவரில் ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கக்கூடிய டிஸ்டம்பர், இப்போது பழைய வேட்டி நிறம். கறுப்புக் கடப்பாக்கல் மேடை, அதற்குக் கீழே கதவில்லாத தட்டுகள். அடுப்புக்குப் பின்னால் மட்டும் இரண்டு வரிசை வெள்ளை டைல்ஸ். சன்மைக்கா ஒட்டிய ஒரே ஒரு அலமாரி. ஜன்னல் மேட்டைப் பார்த்து இருப்பதால் காலை பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரைதான் வெளிச்சம். மேகம் இறங்கிவிட்டால் அதுவும் கிடையாது.

வீட்டுக்காரர் சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: ஆணி அடிக்கக் கூடாது, பெயிண்ட் மாற்றக் கூடாது, கொடுத்த மாதிரியே திருப்பித் தர வேண்டும். இதற்கு முன் கோவையில் இருந்த வீட்டில் ஆசையாகச் சுவர் ஸ்டிக்கர் ஒட்டினேன். காலி செய்யும்போது உரித்தால் பெயிண்டும் சேர்ந்து பாளம் பாளமாக வந்தது. அட்வான்சில் பன்னிரண்டாயிரம் போச்சு. சூடு கண்ட பூனை நான்.

மஞ்சளும் செங்கல் சிவப்பும் பிடிக்கும். ஐயாயிரத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன். யோசனை சொல்லுங்கள்.

பால்கனித்தோட்டம் | 9.40

இதற்கு எதற்குங்க இவ்வளவு கவலை? பின்பக்கக் காகிதத்தை உரித்து ஒட்டுகிற வினைல் சுருள் ஆன்லைனில் கிடைக்கிறது. நான் வாங்கியது 60 செ.மீ. அகலம், 2 மீட்டர் நீளம். வேளச்சேரி வீட்டில் ஒரு சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமாகப் பூ டிசைன் ஒட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மூன்று வருடமாக அப்படியே இருக்கிறது.

பதினாலுவருஷஊட்டி | 10.05

தம்பி, வேளச்சேரிச் சுவர் வேறு, குன்னூர்ச் சுவர் வேறு.

தேயிலைத்தூள், தயவுசெய்து வெளிச்சுவரில் வினைல் ஒட்டாதீர்கள். நான் ஒட்டிப் பட்டவன். ஊட்டி காந்தலில் குடியிருந்தபோது ஒரு ஜூன் மாதம் ஒட்டினேன். ஆகஸ்டில் மூலையில் சின்னதாக ஒரு கொப்புளம். விரலால் அமுக்கினால் சளக் என்றது. பிரித்துப் பார்த்தால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம், அழுகின உருளைக்கிழங்கு வாடை. அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு வாரம் ஆனது.

மலையில் இரண்டு பக்கமும் அடி. வெளியிலிருந்து மழை சுவருக்குள் ஊறும். உள்ளே நாம் சோறு வடிக்கிற ஆவி, சில்லென்ற சுவரில் பட்டதும் தண்ணீராக இறங்கும். ஆவியும் இங்கே கூடுதல்தான். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவைத்துப் பாருங்கள், கீழே ஊரைவிட எவ்வளவு நேரம் கொதிக்கிறது என்று தெரியும். அத்தனையும் சுவருக்குத்தான் போகும். டிஸ்டம்பரோ சுண்ணாம்போ அந்த ஈரத்தைக் குடித்து, வெயில் வரும்போது விட்டுவிடும். மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டால் ஈரம் எங்கே போகும்?

ஒரு சின்னச் சோதனை. உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளை ஒட்டினால் அந்தச் சுவரில் எந்த ஸ்டிக்கரும் வேண்டாம். பசை பிடிப்பது சுவரை அல்ல, அந்த மாவைத்தான். கோவையில் உங்களுக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

என்னைக் கேட்டால், மலை வீட்டில் நிறத்தை ஒட்டவே கூடாது. தொங்கவிடலாம், சாய்த்து வைக்கலாம், விரிக்கலாம். சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும்.

தேயிலைத்தூள் | 10.20

தேய்த்தேன். கை திருநீறு பூசின மாதிரி ஆகிவிட்டது. சரி, சுவரில் வினைல் இல்லை.

பால்கனித்தோட்டம் | 10.31

ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் டைல்ஸ்மேல், அலமாரிக் கதவுமேல் ஒட்டலாம்தானே? வழவழப்பான இடம்தானே?

நாயுடுபுரத்தான் | செப்டம்பர் 29, காலை 7.15

கொடைக்கானலிலிருந்து. கதவில் ஒட்டலாம், எங்கள் வீட்டில் ஒட்டியிருக்கிறேன். ஆனால் இரண்டு விஷயம்.

முதலாவது குளிர். இந்தப் பசைகள் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. நான் டிசம்பரில் காலை ஏழு மணிக்கு ஒட்டினேன், பத்து மணிக்கு எல்லாம் தரையில் சுருண்டு கிடந்தது. வெயில் அடிக்கிற ஒரு நண்பகலாகப் பார்த்து, சுருளைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்துவிட்டு ஒட்டுங்கள். அதற்கு முன் கதவைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, காய்ந்த பிறகு ஸ்பிரிட் போட்டு ஒரு துடை. எண்ணெய்ப் பிசுக்கு கண்ணுக்குத் தெரியாது, பசைக்குத் தெரியும்.

இரண்டாவது, உரிக்கிறது. ஹேர் டிரையரால் சூடு காட்டிக்கொண்டே மூலையிலிருந்து மெதுவாக, பட்டையாக இழுங்கள். பசை பிசுபிசுவென்று மிஞ்சினால் அதற்கு மருந்து உங்கள் ஊரிலேயே தெருவுக்குத் தெரு விற்கிறது: நீலகிரித் தைலம். பஞ்சில் நாலு சொட்டு விட்டு இரண்டு நிமிடம் வைத்துத் துடைத்தால் பசை உருண்டு வந்துவிடும். டைல்ஸ், கண்ணாடி, எவர்சில்வர் எதிலும் செய்யலாம். பெயிண்ட் மேலும் மெல்லிய பிளாஸ்டிக் மேலும் மட்டும் வேண்டாம், இளக்கிவிடும். தீப்பிடிக்கும் சரக்கு, அடுப்பை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

அடுப்புக்கு நேர் பின்னால் இருக்கிற டைல்ஸில் வினைல் ஒட்டாதீர்கள். சூட்டில் சுருங்கும், கருகும்.

அலமாரிக் கைப்பிடியை மாற்றினாலே கதவுக்கு வேறு முகம் வந்துவிடும். இரண்டு திருகு ஓட்டைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பெரும்பாலும் 96 அல்லது 128 மில்லிமீட்டர் இருக்கும். அதே அளவில் வாங்கினால் புது ஓட்டை போட வேண்டாம். பழைய கைப்பிடியையும் திருகையும் ஒரு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். நான் எழுதாமல் வைத்து, அது எந்த டப்பா என்று காலி செய்கிற அன்று ராத்திரி பதினோரு மணிவரை தேடினேன்.

பழையபாட்டு | 8.50

யாரும் சொல்லவில்லையே, துணியை மைதா பசையில் தோய்த்துச் சுவரில் ஒட்டலாம். போகும்போது தண்ணீர் தொட்டு உரித்தால் வந்துவிடும். ஒரு வெளிநாட்டு வீடியோவில் பார்த்தேன், அழகாக இருந்தது.

பதினாலுவருஷஊட்டி | 9.02

மைதா பசை, ஈரச் சுவர், ஐப்பசி மழை. கரப்பானுக்குக் கல்யாணச் சாப்பாடு.

பழையபாட்டு | 9.10

பைண்டிங் கடையில் பசையில் மயில் துத்தம் கலப்பார்களே, பூச்சி வராது.

பதினாலுவருஷஊட்டி | 9.14

அது விஷம்ங்க. சோறு பொங்குகிற இடத்தில் வேண்டவே வேண்டாம்.

சுண்ணாம்புக்கை | மதியம் 1.30

நான் பெயிண்டர், இருபது வருஷத்துக்கு மேல் இதே மலையில் வேலை. மேடம், சுவருக்கு அடிக்க வேண்டிய நிறத்தைப் பலகைக்கு அடியுங்கள். 6 மில்லிமீட்டர் பிளைவுட், மேடை நீளத்துக்கு, இரண்டடி உயரம். மர டிப்போவிலேயே அறுத்துத் தருவார்கள். அடுப்பு இல்லாத பக்கத்தில் மேடைமேல் நிறுத்திச் சுவரில் சாய்த்துவிட்டால், பார்க்கிறவர்களுக்குச் சுவர்தான் மஞ்சள் என்று தோன்றும். பின்னால் நாலு மூலையிலும் பாட்டில் கார்க்கைப் பாதியாக வெட்டி ஒட்டிவிடுங்கள், காற்று போகும்.

முக்கியமானது: முன்பக்கம் மட்டும் அடித்து விட்டுவிடாதீர்கள். பின்பக்கம், நாலு ஓரம் எல்லாவற்றுக்கும் பிரைமரும் எனாமலும் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மறுபக்கம் ஈரம் குடித்து, பலகை அப்பளம் மாதிரி வளைந்துவிடும்.

அடுப்புக்குப் பின்னால் பிளைவுட் கூடாது. சிமென்ட் போர்டு துண்டு வாங்கி, அதன்மேல் கலர் டைல்ஸ் ஒட்டி நிறுத்துங்கள். டைல்ஸ் கடையில் மிச்சம் மீதி நாலைந்து ஓடு சல்லிசாகக் கொடுப்பார்கள். கனமாக இருக்கும், அடியில் வழுக்காமல் ரப்பர் வையுங்கள்.

கேத்திஅக்கா | மாலை 4.45

மேடைக்கு அடியில் இருக்கிற கறுப்பு ஓட்டையை மூடினாலே பாதி இருட்டு போய்விடும் கண்ணு. மதுரைச் சுங்குடிச் சேலை ஒன்று எடு. மஞ்சளில் சிவப்புப் புள்ளி கிடைக்கும். உன் மேடைக்குக் கீழே இரண்டு கண் இருக்கிறது, ஒவ்வொன்றும் இரண்டரை அடி என்று வைத்துக்கொள். கொசுவம் நன்றாக விழ இரண்டு மடங்கு துணி வேண்டும், மொத்தம் பத்தடி. ஐந்தரை மீட்டர் சேலையில் அது பாதிக்குக் கொஞ்சம் கூட. மிச்சத்தில் ஜன்னலுக்கும் ஆச்சு, கைப்பிடித் துணிக்கும் ஆச்சு.

ஸ்பிரிங் கம்பிக்குக் கொக்கி திருக வேண்டும், அது உனக்கு ஆகாது. கடப்பாக்கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இறுகி நிற்கிற ஸ்பிரிங் ராடு வாங்கு. துணியைத் தைக்கும் முன் கல்லுப்புப் போட்ட தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவை, தனியாக அலசு. சாயம் போகிற சேலை என்றால் அப்போதே தெரிந்துவிடும். தரைக்கு மூன்று விரல் மேலேயே நிற்கட்டும். தரையைத் தொட்டால் ஈரம் ஏறிக் கரை கறுத்துவிடும்.

நைலான், பாலியெஸ்டர் வேண்டாம். சீக்கிரம் காயும் என்று சொல்வார்கள், காயும்தான். தீப்பொறி பட்டால் உருகிக் கையில் ஒட்டும்.

பால்கனித்தோட்டம் | 5.20

தரைக்குப் பவானி ஜமுக்காளம் போட்டால்? கோடு கோடாக நல்ல நிறம். சுவருக்குத் தோடர் எம்பிராய்டரி. அதற்குப் புவிசார் குறியீடு 2013லேயே கிடைத்துவிட்டது. உள்ளூர்ப் பொருளாகவும் இருக்கும்.

கேத்திஅக்கா | 5.48

தோடர் வேலை செய்த துணியைச் சமையலறையில் மாட்டச் சொல்கிறாயே தம்பி! அவர்கள் கோடு போட்டுக்கொண்டு தைப்பதில்லை, துணியில் இழையை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்பும் ஏற்றுகிறார்கள். ஒரு துண்டுக்கு எத்தனை நாள் கண் போகும்! அதில் தாளிக்கிற எண்ணெய் தெறித்தால் எனக்கே வயிறு எரியும். கூடத்தில் மாட்டட்டும்.

ஜமுக்காளம் நல்லதுதான், ஆனால் மொத்தம். மழையில் நனைந்தால் நாலு நாளைக்குக் காயாது.

கோத்தகிரிவீட்டுக்காரர் | இரவு 8.30

எல்லோரும் வீட்டுக்காரரை வில்லனாக்கிவிட்டீர்கள். நானும் இரண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஆணி கூடாது என்று நாங்கள் சொல்வது வீம்புக்கு இல்லை. பழைய மலை வீடுகளில் கல்லை மண் சாந்து வைத்துக் கட்டியிருப்பார்கள். ஒரு ஆணி இறங்கினால் உள்ளங்கை அளவு காரை கொட்டும். பெயிண்ட் கதையும் அதுதான். எனக்கு இருந்த ஒரு குடித்தனக்காரர் அடர் மெரூன் அடித்துவிட்டுப் போனார். அதை மறைக்க பிரைமரும் வெள்ளையுமாக நாலு கோட்டு.

ஆனால் ஒன்று, கேட்டுப் பாருங்கள். "நீங்களே ஒருமுறை வெள்ளை அடித்துத் தாருங்கள், வெள்ளைக்குப் பதில் இளமஞ்சளாக இருக்கட்டும்" என்று கேட்டால் நான் சரி என்பேன். இரண்டுக்கும் எனக்குச் செலவு ஒன்றுதான்.

ஸ்டாம்புபேப்பர் | 9.05

அவர் கேட்கச் சொல்வது சலுகை மாதிரி இருக்கிறது, சட்டமே அப்படித்தான். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சுவருக்கு வெள்ளை அடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது வீட்டு உரிமையாளர் பொறுப்பு என்று அதன் அட்டவணையில் இருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், அலமாரிக் கைப்பிடி மாதிரிச் சில்லறை வேலைகள் குடியிருப்பவருடையவை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் தவிர, முன்பணமும் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்?

தேயிலைத்தூள் | 9.11

வாடகை எட்டாயிரத்து ஐநூறு, அட்வான்ஸ் ஐம்பதாயிரம். இப்போது அதைக் கிளறினால் சமையலறைக்கு நிறம் வராது, வேறு வீடுதான் வரும். விடுங்கள்.

ஸ்டாம்புபேப்பர் | 9.13

சரி. இன்றைக்கே சுவர், கதவு, மேடை எல்லாவற்றையும் தேதி தெரியப் படம் எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். ஏற்கனவே இருக்கிற கறை உங்கள் தலையில் விழாது.

நாயுடுபுரத்தான் | 9.40

இத்தனை பேர் சொன்னதில் விளக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த அறையில் இருப்பது வெள்ளை டியூப்லைட்தானே? பெட்டியில் 6500கே என்று போட்டிருக்கும். அது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். மேகம் மூடின நாளில் ஜன்னல் வெளிச்சமே நீலம் கலந்ததாக இருக்கும். அதோடு இதுவும் சேர்ந்தால் மஞ்சள் பச்சையாகத் தெரியும், சிவப்பு செத்துப்போகும். 3000கே எல்.இ.டி. போட்டுவிட்டு அப்புறம் துணி எடுங்கள். சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்கிற அளவு) 90 என்று போட்ட பல்பு கிடைத்தால் இன்னும் நல்லது, தக்காளி தக்காளி மாதிரி தெரியும்.

தேயிலைத்தூள் | நவம்பர் 24, மதியம் 2.10

தாமதத்துக்கு மன்னிக்கவும். மழையில் இரண்டு வாரம் நெட் சரியில்லை. செய்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் பல்பு. இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது, நம்பவே முடியவில்லை. சுவரின் பழைய வேட்டி நிறம் இப்போது சந்தன நிறம் மாதிரி இருக்கிறது. இதை முதல் நாளே செய்திருந்தால் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டேனோ என்னவோ.

சேலை மேட்டுப்பாளையத்தில் கிடைத்தது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன், வாளி முழுக்கக் குங்குமக் கரைசல். ஆனால் ஒருமுறைதான், அடுத்த அலசலில் தெளிந்துவிட்டது. கேத்தி அக்கா கணக்கு அப்படியே சரி. மேடைக்கு அடியில் கொசுவம் விழுந்து நிற்கும்போது கல்யாண வீட்டுப் பந்தல் துணி மாதிரி இருக்கிறது. வாரம் ஒருமுறை துவைத்து, சமைத்து முடித்த பிறகு அடுப்பறையிலேயே கொடி கட்டிக் காயவைக்கிறேன்.

பலகையில் ஒரு கோட்டை விட்டேன். பெயிண்டர் அண்ணன் நாலு ஓரம் என்று சொன்னார், நான் மூன்று ஓரம் அடித்தேன். கீழ் ஓரம் மேடையில்தானே உட்காரப்போகிறது, யார் பார்க்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். மேடை துடைக்கிற தண்ணீர் தினமும் அந்த ஓரத்தில்தான் தேங்கியிருக்கிறது. பத்தாவது நாள் அடிப்பக்கம் பன் மாதிரி உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்து, மஞ்சள் பெயிண்ட் பொருக்குத் தட்டி நின்றது. கீழே ஒரு அங்குலத்தை அறுத்துத் தள்ளிவிட்டு, ஓரத்துக்கு மூன்று கோட்டு அடித்தேன். இப்போது பலகையை இரண்டு ரப்பர் துண்டின்மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். பின்னால் கை விட்டுப் பார்த்தேன். சுவர் குளிர்ச்சியாக இருந்தது, ஈரம் இல்லை, பூஞ்சணமும் இல்லை.

அலமாரிக் கதவுக்கு வினைல் ஒட்டவில்லை, கைப்பிடி மட்டும் மாற்றினேன். 96 மில்லிமீட்டர்தான்.

யாரும் சொல்லாத ஒன்று தானாக அமைந்தது. பருப்பு டப்பாக்களெல்லாம் எவர்சில்வர். அவற்றை உள்ளே தள்ளிவிட்டு, காலிக் கண்ணாடி பாட்டில்களில் மைசூர்ப் பருப்பு, பச்சைப்பயறு, காராமணி, வரமிளகாய், மஞ்சள்கிழங்கு நிரப்பித் திறந்த தட்டில் வரிசையாக வைத்தேன். மைசூர்ப் பருப்பின் ஆரஞ்சு இருக்கிறதே, எந்த பெயிண்ட் கடையிலும் கிடைக்காது. ரப்பர் மூடி இருப்பதால் உப்பு தவிர எதுவும் நமத்துப் போகவில்லை. உப்பு இந்த ஊரில் எதற்கும் அடங்காது போலிருக்கிறது.

ஜன்னலில் மஞ்சள் பீங்கான் கிண்ணம் ஒன்று வைத்திருந்தேன். வைத்த இரண்டாம் நாள் குரங்கு வந்து எடுத்து, கடித்துப் பார்த்து, கோபத்தில் கீழே போட்டு உடைத்துவிட்டுப் போய்விட்டது. மாம்பழம் என்று நினைத்திருக்கும்.

பதினாலுவருஷஊட்டி | 2.35

ஜன்னலுக்கு வலை போடுங்கள். கோத்தகிரிப் பக்கம் எண்ணெய் வாடைக்குக் கரடியே வருகிறது, குரங்கோடு போச்சே என்று சந்தோஷப்படுங்கள்.

சுண்ணாம்புக்கை | 3.10

நாலு ஓரம் என்று சொன்னேனா இல்லையா மேடம்?

தேயிலைத்தூள் | 3.12

சொன்னீர்கள் அண்ணா.

கோத்தகிரிவீட்டுக்காரர் | 7.40

உங்கள் வீட்டுக்காரர் பார்த்தாரா?

தேயிலைத்தூள் | 8.05

போன வாரம் தண்ணீர் மோட்டார் பார்க்க வந்தார். வாசலிலேயே நின்று, "பெயிண்ட் அடிச்சிட்டீங்களா?" என்றார், முகமே மாறிவிட்டது. பலகையை ஒரு கையால் தூக்கிக் காட்டினேன். பின்னால் அவருடைய பழைய சுவர் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேல் வீட்டுக்குப் பொங்கலுக்கு முன் வெள்ளை அடிக்கப்போவதாகவும், ஆள் வரும்போது இந்தச் சமையலறைக்கும் ஒரு கோட்டு அடித்துவிடலாம் என்றும் சொன்னார். இளமஞ்சள் பேச்சை இன்னும் எடுக்கவில்லை.

கேத்திஅக்கா | 8.20

ஆள் வருகிற அன்று காலையில் சொல் கண்ணு. முன்னாலேயே சொன்னால் யோசிக்க நேரம் கிடைத்துவிடும்.

புதுக்குடித்தனம் | டிசம்பர் 3, காலை 11.00

எனக்கும் இதே மாதிரி மேடைதான், கோத்தகிரியில். அந்த ஸ்பிரிங் ராடு எத்தனை அடி வாங்கினீர்கள்? கடப்பாக்கல்லில் வழுக்கவில்லையா?

தேயிலைத்தூள் | 11.25

உள்ளளவு இரண்டடி ஐந்து அங்குலம் இருந்தது. இரண்டிலிருந்து மூன்றடிவரை நீள்கிற ராடாக இரண்டு வாங்கினேன். முதல் நாள் வழுக்கி விழுந்தது. சைக்கிள் ட்யூபில் இரண்டு வட்டம் வெட்டி முனைகளில் வைத்துத் திருகினேன், அதற்கப்புறம் அசையவில்லை. ஈரத்துணியைத் திரும்ப அதிலேயே மாட்டிக் காயவைக்காதீர்கள், கனம் தாங்காது.